ஒரே ஒரு தட்டு

இசைக்குழு நடத்துவதில் முதுகலைப் படிப்பு எனக்கு. இறுதித் தேர்வில் நாற்பது பேர் வாசிக்க, நான் முன்னால் நின்று கோலை அசைக்க வேண்டும். முக்கோண மணிக்கு ஆள் கிடைக்காமல் தங்கையைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தேன். பதினெட்டு நிமிடத்தில் அவளுக்கு ஒரே ஒரு தட்டுதான்.

"நான் உன்னைப் பாக்காம தட்டிடாதே" என்று ஒத்திகையில் பத்துத் தடவை சொல்லியிருந்தேன்.

தேர்வன்று மணி ஒலிக்கவே இல்லை. பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்தார். வெளியே வந்ததும் எல்லோர் முன்னாலும் அவள்மேல் எரிந்து விழுந்தேன். "ஒரு தட்டு! அதுக்குக்கூட லாயக்கில்லையா நீ?"

"எண்ணிக்கை தப்பிடுச்சுண்ணா. நானே அவர்கிட்ட சொல்றேன்."

சொன்னாள். அரங்கில் உட்கார்ந்து என் முதுகை மட்டுமே பார்த்திருந்த பேராசிரியர் அதை நம்பி, குறைத்ததைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வின் வீடியோ வந்தது. நடத்துபவரின் முகம் தெரிய வேண்டுமென்று குழுவுக்குப் பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். திரை ஓரத்தில் தங்கை சரியான இடத்தில் மணியை உயர்த்துகிறாள். எதிரே நான், வயலின்களில் சொக்கிப்போய், கண்களை மூடியிருக்கிறேன். அவள் கை அப்படியே காத்து நிற்கிறது. பிறகு மெல்ல இறங்குகிறது.

உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"அதை விடுண்ணா. மார்க் வந்துடுச்சுல்ல?" என்றாள்.

வந்துவிட்டது. பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லத்தான் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.