தானாக ஆறியது

மிட்வைஃப் கத்தரினா மிஸ் வந்தபோது முஃபீதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்த பிறகுதான் மிஸ் கதிரையில் உட்கார்ந்தார். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் இரத்தச் சோதனையில் ஒன்று சரியாக வரவில்லையாம். ஒட்டிய கடிதமொன்றைத் தந்தார்.

"பிள்ளைக்கு ஏதாச்சுமா மிஸ்?"

"நேரத்தோட மருந்து எடுத்தா பயப்பட வேணாம். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போங்க."

கல்யாணம் முடித்து ஆறு வருடங்களுக்குப் பிறகு வந்த பிள்ளை. இது மூன்றாவது மாதம். மிஸ் போன பிறகு முஃபீதா மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தாள்.

ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிடவில்லை, இலக்கத்தைத்தான் கூப்பிட்டார்கள். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். இரத்தத்தை மறுபடியும் சோதித்துவிட்டு, உடம்பில் எங்காவது புண்ணோ தடிப்போ வந்ததா என்று கேட்டார். முஃபீதா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். போன மாதம் அங்கே சிவந்த புள்ளிகள் இருந்தன. அரிக்கவுமில்லை, நோகவுமில்லை. ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றில் படுக்கை விரிப்புகள் துவைப்பது அவளுடைய வேலை. சவர்க்காரத் தூள் ஒத்துவரவில்லை என்று நினைத்துக் கையுறை போட்டாள். இரண்டு கிழமையில் புள்ளிகள் மறைந்தன.

"இது சிபிலிஸ் எண்ட நோய். உடலுறவால தொத்திறது," என்றார் டொக்டர். "முதல்ல நோகாத புண் ஒண்டு வரும், தானா மாறிடும். பிறகு இப்பிடிப் புள்ளி வரும், அதுவும் போயிடும். நோய் போகாது. ஊசி போட்டாத்தான் சுகமாகும். உங்கட அவரும் வரோணும். இல்லாட்டித் திரும்ப உங்களுக்கு வந்திடும்."

அழுகை வருமென்று டொக்டர் காத்திருந்தார். முஃபீதாவும் காத்திருந்தாள். வரவில்லை. ஊசி போட்ட இடம் மட்டும் பஸ்ஸில் வீடு வரைக்கும் வலித்தது.

அவளைக் கட்டிய மாப்பிள்ளை நஸீம் பாலாவியிலிருந்து உப்பு ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். மறுநாள் பகல்தான் வீட்டுக்கு வந்தான். சோறு போட்டுக்கொண்டே நோயின் பெயரைச் சொன்னாள், அவனும் இரத்தம் சோதிக்க வேண்டுமென்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நஸீம் தலை நிமிராமல் சாப்பிட்டான். "எனக்கென்னத்துக்கு? எனக்கு அது அப்பவே ஆறிட்டு."

"எது ஆறிட்டு?"

அவன் கை சோற்றுக் கோப்பையில் நின்றது. "நோவே இல்ல முஃபீதா. மருந்து கூடப் போடல்ல. அதான் ஒண்ணுமில்லன்னு நெனச்சன்," என்றான். "தம்புள்ளைக்கு லோட் கொண்டு போன நேரம்..."

"அத எனக்குச் சொல்ல வேணாம். டொக்டர் கேட்டா சொல்லுங்க."

"ஊர்ல யாராச்சும் பாத்தா?"

"பேர் கூப்பிட மாட்டாங்க. நம்பர்தான்."

"நான் வராட்டி?"

"வராட்டி என்ட உம்மாட வீட்டுக்குப் போவன். ஏன்னு கேட்டா உள்ளதச் சொல்லுவன்."

வேறு யாரோ பேசுவதைப் போல அந்தக் குரல் அவளுக்கே கேட்டது. அவன் கோப்பையில் குழம்பு வற்றியிருந்தது. கேட்காமலே ஊற்றினாள்.

வியாழக்கிழமை இருவரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். ஆஸ்பத்திரியின் நீள வாங்கில் அவளுக்கும் அவனுக்கும் நடுவே இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. இலக்கம் கூப்பிட்டதும் எழுந்தவன், அவள் வருகிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் எழும்பவில்லை.

கால் மணித்தியாலத்தில் வெளியே வந்தான். முடிவு அடுத்த கிழமைதானாம். இரத்தம் எடுத்த முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி மோட்டார் சைக்கிள் அருகே நின்றான். ஹெல்மெட்டை ஒற்றைக் கையால் தலையில் கவிழ்த்தவனுக்கு வாரை மாட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டப் போய் அவனுடைய தாடிக்குக் கீழே வாரை இழுத்து மாட்டினாள். அவன் எச்சில் விழுங்குவது அவளுடைய விரல் முட்டியில் தட்டியது.