முன்கூட்டியே சொன்ன நன்றி

ஆஸ்திரேலியாவிலிருந்து எட்டுப் பேர் பத்து நாள் ஊழியத்துக்கு வருகிறார்கள், கிள்ளான் ஊர்க் கூட்டங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று சபையில் கேட்டபோது எல்லாரும் மார்க்கிரட் டீச்சரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அது 1984. டீச்சருக்கு ஐம்பத்தெட்டு வயது. தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தனியாக இருந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். பேசுகிறவர் மூச்சு வாங்குவதற்குள் தமிழ் தயாராக இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போர்ட் கிள்ளான் போகிற சாலையோரம் ஒரு கம்பத்துக் கிராமத்தில், தகரக் கொட்டகையில் கூட்டம். இரண்டாம் நாள் சபாபதி வந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற இனிப்பு நீர் வியாதி. இடது காலில் ஆணி குத்திய புண் ஆறாமல் கிடந்தது. மனைவி தனலெட்சுமி கைத்தாங்கலாகக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

குழுத் தலைவர் பாஸ்டர் கிரிகரி தரையில் மண்டியிட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஜெபித்தார். முகத்தில் அருவருப்பே இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. டீச்சருக்கே நெஞ்சு இளகிப்போயிற்று. ஜெபம் முடிந்ததும் அவர் எழுந்து பேச, டீச்சர் தமிழில் சொன்னார்.

"சுகம் கிடைக்கட்டும், அப்புறம் நன்றி சொல்லலாம்னு இருக்காதீங்க. கிடைச்சாச்சுன்னு இப்பவே நன்றி சொல்லுங்க. அதுதான் விசுவாசம். சுகமானவங்களுக்கு மாத்திரை எதுக்கு?"

கடைசி வரி வாய்க்குள் ஒரு கணம் தயங்கி நின்றது. செத்துப்போன அவர் கணவர் சீவரத்தினத்துக்கும் இதே வியாதிதான். பன்னிரண்டு வருஷம் வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்த கை அவருடையது. ஆனாலும் மொழிபெயர்க்கிறவர் தன் சரக்கை நடுவில் கலக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தவர். சொல்லிவிட்டார்.

சபாபதி சட்டைப் பையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து மேடையில் வைத்தார். கொட்டகை முழுக்கக் கைதட்டல்.

அதன் பிறகு தினமும் அவர் எழுந்து நின்று நன்றி சொன்னார். "வலியே இல்லைங்க. ஆண்டவருக்கு நன்றி." அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலில் உணர்ச்சியே செத்துப்போயிருந்தது. ஏழாம் நாள், தைலம் தடவியும் அடங்காத ஒரு வாடை முன்வரிசையில் எழுந்தது. அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகிவிட்டன.

தனலெட்சுமி டீச்சரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியே அழைத்துப் போனாள்.

"விரலெல்லாம் கறுத்துப் போச்சு, டீச்சர். கிளினிக் போலாம்னா அடிக்க வராரு. நன்றி சொல்லிட்டு மருந்து தின்னா சாமிக்குத் துரோகமாம். நீங்க அந்தப் பாஸ்டர்கிட்ட சொல்லுங்களேன்."

டீச்சர் போய்ச் சொன்னார். கிரிகரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அவர் மனதில் சந்தேகத்தை விதைத்துவிடாதீர்கள், சகோதரி. இப்போதுதான் இன்னும் அதிகமாக நன்றி சொல்ல வேண்டும்" என்றார். ஏமாற்றுக்காரராக இருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவர் சத்தியமாக நம்பினார். டீச்சர் மூன்று நாள் அவர் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் காலை நன்றி ஆராதனை. சபாபதியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு வெடித்திருந்தது, உடம்பு அனலாய்க் கொதித்தது. கிரிகரி அவர் தோளில் கை போட்டு, இந்த மனிதரின் விசுவாசத்துக்காக நன்றி செலுத்துவோம் என்று ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்தினார். டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"சபாபதி, பாஸ்டர் சொன்னதை நான் இப்ப சொல்லப் போறதில்ல. உங்க கால் அழுகிப் போச்சு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சாமி கோவிச்சுக்க மாட்டாரு."

ஒன்றும் புரியாத கிரிகரி சிரித்த முகத்தோடு "ஆமென்" என்றார். பின்னால் இருந்த ஏழு பேரும் கைதட்டினார்கள்.

சபாபதி டீச்சரை அண்ணாந்து பார்த்தார். "அப்போ அன்னிக்குச் சொன்னது?"

"அன்னிக்குச் சொன்னது தப்பு."

வாடகைக் காரில் அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் குழுவின் வேன் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். நாலு நாள் கழித்து மேலேயும் வெட்டினார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் மத்தியானம் சபாபதி இறந்துபோனார்.

ஆறு வாரத்தில் கிரிகரியின் கடிதம் வந்தது. சபாபதி நடக்கிற மாதிரி ஒரு படம் அனுப்ப முடியுமா, எங்கள் சபையார் பார்த்து நன்றி செலுத்துவார்கள் என்று கேட்டிருந்தார். நடந்ததை நாலே வரியில் எழுதிப் போட்டார் டீச்சர். துக்கத்திலும் நன்றி சொல்லக் கற்றுக்கொள்வோம் என்று அழகான அட்டையில் பதில் வந்தது.

அன்றைக்கே டீச்சர் பஸ் ஏறித் தனலெட்சுமி வீட்டுக்குப் போனார். தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தனலெட்சுமி அவரைப் பார்த்ததும் கை கூப்பினாள்.

"அத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க, டீச்சர். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"சொல்லாதீங்கம்மா. மாத்திரை வேணாம்னு அவர் காதுல போட்டது என் வாய்தான். சொல்றப்பவே அது தப்புன்னு எனக்குத் தெரியும்."

கூப்பிய கை மெல்ல இறங்கியது.

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

தனலெட்சுமி அழவில்லை, ஏசவுமில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு. நீங்க போங்க, டீச்சர்."

ஏசியிருந்தால் தேவலை என்று டீச்சருக்குத் தோன்றியது. வெயிலில் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார். பிரிக்பீல்ட்ஸ் போகிற பஸ்கள் இரண்டு வந்து நின்று போயின. அவர் ஏறாமல் உட்கார்ந்திருந்தார்.