கலைவேந்தன் போனில் நாலாயிரம் படங்கள்

நான்காவது கேபிளையும் சொருகிப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்ப்யூட்டர்லதான் கோளாறு" என்று கலைவேந்தன் தீர்ப்புச் சொன்னான்.

தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் சாலையைப் பார்த்தபடி இருக்கும் அப்துல் கனியின் டிஜிட்டல் பேனர் கடை அது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் அவருடைய மகள் ஃபர்ஹீன். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு மூன்று வருடங்களாக அந்த வட்டாரத்தின் காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் எட்டடிக்கு ஆறடியில் வடிவமைத்துக் கொடுப்பவள்.

"அண்ணா, காலையிலேர்ந்து பதினோரு போன் இதுலதான் போட்டேன். உங்க கேபிள் நாலும் சார்ஜ் ஏத்துறது மட்டும்தான். போட்டோ போவாது."

"கேபிள்னா கேபிள்தானம்மா? கரண்டு போவுதுல்ல? கரண்டு போற வழியில போட்டோ போவாதா?"

அவன் ஊரான பாகூரில் யார் வீட்டு டிவி ஓடாவிட்டாலும் முதலில் கலைவேந்தனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் கொண்டுவந்த நான்கு கேபிள்களில் ஒன்று அவனுடையது, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுடையது, நான்காவது தாடி மழிக்கும் மெஷினோடு வந்தது.

அவனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவன் மனைவி ஜெயசித்ரா உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்களேன்" என்றாள். அன்று காலையில் அதே வாக்கியத்தை அவள் சொல்வது ஆறாவது முறை.

மறுநாள் அவர்களுடைய மூன்று வயது மகள் அமுதினிக்குக் காதுகுத்து. பேனரின் நடுவில் குழந்தை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப்போகிற தாய்மாமன், ஜெயசித்ராவின் பிறந்த ஊரான கரியமாணிக்கத்தில் இருக்கும் அவள் அண்ணன் பாக்யராஜ், வெள்ளைச் சட்டையோடு ஆளுயரத்துக்கு நிற்பார். மேலே இரண்டு வட்டங்கள். ஒன்றில் தந்தை, ஒன்றில் தாய். தாயின் வட்டம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது.

ஜெயசித்ராவுக்கு அந்த வட்டம் முக்கியம். ஐந்து வருடங்களுக்கு முன் அவளுடைய கல்யாண பேனருக்கு, மாப்பிள்ளை வீட்டார் அவசரத்தில் அவளுடைய பிளஸ் டூ ஹால் டிக்கெட் படத்தைக் கொடுத்துவிட்டார்கள். இரட்டைப் பின்னலும் பயந்த கண்ணுமாக மணமகள் சந்திப்பில் நின்றதைப் பார்த்து யாரோ குழந்தைத் திருமணம் என்று போன் செய்துவிட்டார்கள். கல்யாணத்தன்று ஓர் அதிகாரி வந்து அவளுடைய பிறந்த தேதியைச் சரிபார்த்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். இந்த முறையாவது ஊர் பார்க்கும் இடத்தில் தன் முகம் தன் முகமாக இருக்க வேண்டும் என்று அவள் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரமாகக் கலைவேந்தனும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான். "என் போன்ல உன் போட்டோ ஆயிரம் இருக்குது, போ."

அவளுடைய போனில் ஒன்றும் கிடையாது. அது அவன் பயன்படுத்திக் கழித்த போன். முன்பக்கக் கேமராவில் யாரைப் பார்த்தாலும் மார்கழிப் பனிக்குள் நிற்பதுபோலத் தெரியும். பின்பக்கக் கேமராவில் அவள் எல்லோரையும் எடுத்திருந்தாள். எடுத்தவளை யாரும் எடுக்கவில்லை.

"வாட்ஸ்அப்லயே அனுப்பிடலாம்னு சொன்னேன். நீதான் கேபிள் கேபிள்னு இட்டுக்கினு வந்த" என்றான் கலைவேந்தன் மனைவியிடம்.

"வாட்ஸ்அப்ல வர்றத ஆறடிக்கு இழுத்தா மூஞ்சி பொரி உருண்டை மாதிரி ஆயிடும்ணா" என்றாள் ஃபர்ஹீன். "போன்ல இருக்குற ஒரிஜினலே வேணும். சீக்கிரம் ஆவட்டும். பன்னெண்டரைக்கு அத்தா ஜும்மா தொழுகைக்குக் கடை சாத்திடுவாரு. சாயங்காலம் மெஷின் முழுக்க ஒரு கல்யாணத்துக்குப் போவுது. அதுக்குள்ள முடிச்சாத்தான் நாளைக்கு உங்களுக்கு பேனர்."

மணி பதினொன்று ஐம்பது.

மூலையில் அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து விரல் விரலாக ஒரு பெண்ணின் முகம் இறங்கி வந்தது. முதலில் நெற்றி, பிறகு பொட்டு, பிறகு கண்கள். கண்கள் இரண்டும் சாம்பல் கட்டங்களாகச் சிதறியிருந்தன. பக்கத்தில் நல்லவாடு கிராமத்துப் பெரியவர் அய்யனார் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வேலம்மாளுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

"இன்னாம்மா, எங்க வூட்டுக்காரி இப்படிப் புகைஞ்சாப்ல இருக்குறா?"

"வாக்காளர் கார்டுலேர்ந்து எடுத்ததுதான தாத்தா? கன்னத்துல விழுந்திருந்த முத்திரைய அழிக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு. இதுக்கு மேல தெளிவா வராது."

"வேற போட்டோ இல்லியே" என்றார் அய்யனார், கடையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாக. "முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தா. தேடினா இது ஒண்ணுதான் ஆம்டுது. அதுவும் கவர்மெண்ட்டு எடுத்தது."

"கவர்மெண்ட்டாவது எடுத்துச்சே" என்றாள் ஜெயசித்ரா.

கலைவேந்தனுக்கு அது கேட்கவில்லை. அவன் தாடி மெஷின் கேபிளை ஊதிக்கொண்டிருந்தான்.

ஃபர்ஹீன் மேஜை இழுப்பறையிலிருந்து தன்னுடைய கேபிளை எடுத்தாள். வாடிக்கையாளர்கள் ஞாபகமறதியாகக் கொண்டுபோய்விடாமல் அதை நைலான் கயிற்றால் மேஜைக் காலோடு கட்டியிருந்தாள். சொருகியதும் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. போனில் ஒரு கேள்வி வந்தது. இந்தக் கருவி உங்கள் படங்களைப் பார்க்க அனுமதிக்கலாமா?

கலைவேந்தன் 'வேண்டாம்' என்று அழுத்தினான்.

ஃபர்ஹீன் கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினாள். மறுபடி கேள்வி. மறுபடி 'வேண்டாம்'.

"அண்ணா, அனுமதின்னு குடுங்க."

"யாரு அனுமதி கேட்டாலும் குடுக்காதீங்கன்னு நானே எங்க சொந்தக்காரங்க குரூப்ல தெனமும் போட்டுக்கினு இருக்கேன். நானே குடுக்கறதா? அக்கவுண்ட்டே காலி ஆயிடும்மா."

"பேனர் கடையில யாருங்க உங்க அக்கவுண்ட்டக் காலி பண்ணப் போறாங்க?" என்றாள் ஜெயசித்ரா. பிறகு, கொஞ்சம் வேறு குரலில், "அதுல அப்படி இன்னா இருக்குது?" என்றாள்.

"ஒண்ணும் இல்லியே."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு இத்தினி பூட்டு?"

அவன் வாய் திறப்பதற்குள் அவள் எட்டி, 'அனுமதி' என்று அழுத்திவிட்டாள்.

இருபத்தேழு அங்குலத் திரையில் கலைவேந்தனின் போன் திறந்துகொண்டது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஃபர்ஹீன் அவற்றைப் பெரிதாக்கி வரிசையாக உருட்டினாள்.

கலைவேந்தன் கூலிங் கிளாஸோடு. கலைவேந்தன் கூலிங் கிளாஸ் இல்லாமல். லிஃப்ட் கண்ணாடியில் கலைவேந்தன். சலூன் கண்ணாடியில் கலைவேந்தன், வெட்டுவதற்கு முன், வெட்டியதற்குப் பின். பிறகு அவனுடைய நீல பைக். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, படுத்துக்கொண்டு எடுத்த கோணத்தில். சைலன்சர் மட்டும் பதினேழு படம். குழந்தை வந்தது, பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்தபடி. பிறகு மறுபடி கலைவேந்தன்.

ஜெயசித்ரா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். 'அனுமதி'யை அழுத்தியபோது அவள் பயந்தது வேறொன்றுக்கு. எவளாவது ஒருத்தி வருவாள் என்று நினைத்தாள். அப்படி ஒருத்தி வந்திருந்தால் சண்டை போடலாம், அழலாம், கரியமாணிக்கத்துக்குப் பஸ் ஏறலாம், அண்ணனை இட்டுக்கொண்டு திரும்பி வரலாம். ஒரு சைலன்சரோடு எப்படிச் சண்டை போடுவது?

"அக்கா போட்டோ எந்த ஃபோல்டர்லண்ணா?" என்று ஃபர்ஹீன் மரியாதையாகக் கேட்டாள்.

"இன்னும் கீழ போம்மா. இருக்கும்."

கீழே போனாள். கலைவேந்தனுக்கு மீசை சிறியதாகிக்கொண்டே வந்தது. வருடங்கள் பின்னால் போயின. மூவாயிரத்து எண்ணூறைத் தாண்டியபோது ஜெயசித்ரா "நிறுத்தும்மா" என்றாள்.

பைக் வாங்கிய அன்று கோயில் வாசலில் எடுத்த செல்ஃபி. மாலை போட்ட பைக்கின் மேல் சாய்ந்து கலைவேந்தன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அவனுடைய தோளுக்குப் பின்னால், கீழே, ஒரு பெண் குனிந்து சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருக்கிறாள். முகம் இல்லை. பச்சைப் புடவை முதுகு, பின்னல், அதில் இரண்டு முழம் மல்லிகை.

"பாத்தியா!" என்றான் கலைவேந்தன். அவன் குரலில் உண்மையான நிம்மதி இருந்தது. "இருக்குதுன்னு சொன்னேன்ல?"

மெஷின் பக்கத்திலிருந்து அய்யனார் வந்து எட்டிப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரிக்கு மூஞ்சியாவது இருக்குதுப்பா" என்றார்.

கலைவேந்தனுக்கு முகம் சிவந்தது. "இதோ பாரு சித்ரா, வூட்ல போட்டோ எடுக்கிறது யாரு? நீ. எடுக்கிற ஆளு எப்படிப் போட்டோல வருவா? நீயே சொல்லு."

"நீங்க ஒரு தடவ எடுத்திருந்தா வந்திருப்பேன்ல?"

அவன் உடனே செயலில் இறங்கினான். "வா வெளிய. இப்பவே எடுக்கறேன். ரெண்டு நிமிசம்."

கடைக்கு வெளியே உச்சி வெயிலில், பேக்கரிச் சுவரோரமாக அவளை நிற்க வைத்தான். பின்னால் கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வெயில் பட்டு போன் திரை கறுப்புக் கண்ணாடிபோல ஆகிவிட்டது. எதுவும் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வழக்கம் கலைவேந்தனுக்கு இல்லை.

"சிரி. இன்னும் கொஞ்சம். தலைய இப்படி... ஆங், சூப்பர்."

அவள் சிரித்தாள். மனதில் இருந்ததையெல்லாம் ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டு, அந்த வட்டத்துக்காக நன்றாகவே சிரித்தாள். மூன்று முறை கிளிக் சத்தம் கேட்டது.

உள்ளே வந்து கேபிளைச் சொருகினார்கள். இந்த முறை கலைவேந்தன் கேள்வி வருமுன்பே 'அனுமதி' வரும் இடத்தில் விரலை வைத்துக் காத்திருந்தான். புதிய படங்கள் மூன்று திரையில் வரிசையாக விழுந்தன.

கலைவேந்தன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கலைவேந்தன் வாயைத் திறந்துகொண்டு, "சிரி" என்று சொல்கிற நேரத்தில். கலைவேந்தனின் மூக்கு.

நாலாயிரம் படங்களின் பழக்கத்தில் கேமரா அவன் பக்கமாகவே இருந்தது. அதைத் திருப்ப வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

அய்யனார் அந்த வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். ஃபர்ஹீன் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயசித்ரா சிரிக்கவில்லை.

தொப்பியைச் சரிசெய்துகொண்டே அப்துல் கனி பின்கட்டிலிருந்து வந்தார். "ஃபர்ஹீன், மணி ஆவுது. பாகூர் பேனரை முடிச்சியா இல்லியா?"

"அக்கா, வாங்க, நானே ஒண்ணு எடுக்கறேன்" என்று ஃபர்ஹீன் எழுந்தாள். "ஒரே நிமிஷம்."

"வேணாம்மா." ஜெயசித்ரா ஸ்டூலை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "நீ எடுத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அவரு போன்ல நான் எப்படி இருக்கனோ, அப்படியே இருக்கட்டும். அந்த எலுமிச்சம்பழப் போட்டோவைப் போடு. அவரை வெட்டிட்டு என்னை மட்டும் வட்டத்துக்குள்ள வை. கீழ 'தாய் ஜெயசித்ரா'ன்னு கொட்டை எழுத்துல போட்டுடு."

"ஏய், இன்னாடி இது? ஊரு சிரிக்கும்!"

"ஆயிரம் போட்டோவுல பொறுக்கி எடுத்ததுன்னு சொல்லுங்க."

"அம்மா கேட்டா நான் இன்னா சொல்றது?"

"என் மூஞ்சிக்கு உங்க போன் அனுமதி குடுக்கலன்னு சொல்லுங்க."

கலைவேந்தன் உதவிக்கு அப்துல் கனியைப் பார்த்தான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபர்ஹீன் கொஞ்சம் தயங்கிவிட்டு, பச்சைப் புடவை முதுகைச் சுற்றி வட்டம் போட்டாள். மல்லிகை நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் வெளிச்சமும் கூட்டினாள்.

மறுநாள் காலை பந்தல் வாசலில் பேனர் நின்றது. எட்டடி அகலம், ஆறடி உயரம். ஒரு வட்டத்தில் கூலிங் கிளாஸோடு தந்தை. இன்னொன்றில் பூ வைத்த ஒரு முதுகு. ஒரிஜினலிலிருந்து எடுத்ததால் ஒவ்வொரு மல்லிகை மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது.

கலைவேந்தனின் அம்மா புவனேஸ்வரி இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள். "யாருடா இது குனிஞ்சிக்கினு? பந்தல் போட வந்தவளா?"

"சித்ராதாம்மா."

"அதுக்கு மூஞ்சி எங்கடா?"

அவன் பந்தியில் இலை போதுமா என்று பார்க்கப் போய்விட்டான். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். பத்து மணிக்குள் இருபத்தைந்து பேருக்கு அவன் இருபத்தைந்து பதில் சொல்லியிருந்தான். கடைக்காரர் தப்பு, கம்ப்யூட்டர் தப்பு, கேபிள் தப்பு, இப்போது இதுதான் ஸ்டைல்.

பாக்யராஜ் மருமகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பேனருக்கு முன்னால் வந்தார். புது மொட்டையில் சந்தனம் பூசியிருந்த அமுதினி ஒவ்வொரு படமாகக் காட்டினாள். "பாப்பா. மாமா. அப்பா." பிறகு கொஞ்சமும் யோசிக்காமல், முதுகைக் காட்டி, "அம்மா!" என்றாள்.

"எப்படிடா கண்ணு கண்டுபுடிச்ச?"

"அம்மாதான்" என்றாள் குழந்தை, இது ஒரு கேள்வியா என்பதுபோல.

பக்கத்தில் நின்ற கலைவேந்தன் அதைக் கேட்டான். அந்த வட்டத்தைப் பார்த்தான். காலையிலிருந்து இருபத்தைந்து பேரிடம் சமாளித்தவன், அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அரை மணி நேரம் கழித்து, சமையல் பக்கம் ஜெயசித்ரா வெற்றிலைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"சித்ரா. இந்தா, இப்படித் திரும்பு. ஒரே ஒரு போட்டோ."

அவள் திரும்பவில்லை. கடைசித் தட்டில் பாக்கை வைத்தாள். கட்டியிருந்த அதே பச்சைப் புடவையின் முந்தானையைத் தோளில் சரியாக எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மொதல்ல கேமராவத் திருப்புங்க" என்றாள். "அப்புறம் நான் திரும்பறேன்."

கலைவேந்தன் போனைப் பார்த்தான். கலைவேந்தன்தான் தெரிந்தான்.