புதுக்குழிக்கு ஒரு விளக்குமாறு

எங்க சுண்ணாம்புப் பட்டறையில விளக்குமாறுக்கு இருக்கிற மரியாதை எனக்குக்கூடக் கிடையாது. அதை யாரும் தாண்ட மாட்டாங்க, தொட மாட்டாங்க. ஏன்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா அன்னிக்கு நடந்தது புரியாது.

கடல் சிப்பியையும் கரியையும் அடுக்கடுக்காப் போட்டுச் சூளையில சுடுவோம். சுட்டதைக் குழியில கொட்டித் தண்ணி விட்டா, அடுப்பே இல்லாம கொதிக்கும். சிப்பி வெடிச்சுக் களியாகும். சூடு வெளிய போகாம இருக்க மேல பழைய சுண்ணாம்புப் பொடியைத் தூவி மூடிருவோம். அரை மணி நேரம் புகையும், அப்புறம் பரம சாதுவாக் கிடக்கும். நாலு நாள் போனா இறுகிரும், மேல ஆளே நடக்கலாம். ஆனா முதல் நாள் குழியும் நாலாம் நாள் குழியும் பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். அதனால புதுக்குழி தலைமாட்டுல ஒரு விளக்குமாறை நட்டு வைப்போம். அது இருந்தா சுத்திப் போ, இல்லேன்னா நேராப் போ. எங்க படிப்பே அவ்வளவுதான்.

சூளைக்கு நெருப்பு பார்க்கிறவனை எல்லாரும் கொள்ளின்னு கூப்பிடுவாங்க. என் தங்கச்சி புருஷன். வேலையில கெட்டிக்காரன், இல்லேன்னு சொல்லல. ஆனா பொண்டாட்டி மேல கை நீட்டுவான். கல்யாணமான வருஷம் அவளுக்கு ஒரு காது போச்சு. போன மழைக்காலத்துல ரெண்டு விரலை ஒடிச்சான். ஒவ்வொரு தடவையும் சின்னவ என் வீட்டுக்கு ஓடி வருவா. நாலாம் நாள் அவன் வாசல்ல வந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பான். இவளும் செருப்பை மாட்டிக்கிட்டுப் பின்னாலேயே போயிருவா.

"ஏண்டி, சூடு சொரணை இருக்கா உனக்கு?"ன்னு கேட்டா, "விடுக்கா, குடும்பம்னா நாலும் இருக்கும்"பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

கடைசியா வந்தப்ப மட்டும் அப்படிச் சொல்லல. "அடுத்த தடவை என்னைக் கொன்னுருவான்க்கா"ன்னா. அழாமச் சொன்னா.

அன்னிக்குக் காலையில சூளையைப் பிரிச்சா, பாதிச் சிப்பி வேகவே இல்ல. காத்து அடிக்கிற மோட்டார் நின்னது தெரியாம முந்தின நாள் குடிச்சிட்டுப் படுத்திருக்கான். முதலாளி எல்லாரையும் நிறுத்திக் கேட்டாரு. எங்களோட வேலை பார்க்கிற சின்னவதான் சொன்னா: "மோட்டார் நின்னு போச்சுங்க. அவரு தூங்கிட்டாரு."

"அப்ப இனிமே நெருப்பை நீயே பாரும்மா. அவன் கூடை சுமக்கட்டும்"னாரு முதலாளி.

பின்னால எவனோ, "கொள்ளி அணைஞ்சு போச்சுடோய்!"னு சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவன் ஒரு வார்த்தை பேசாம வெளிய போயிட்டான். அவன் பேசாம போனா ஆபத்துன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சேன்.

வெந்த சிப்பியை நாங்க ரெண்டு பேருமாப் பொறுக்கி இடது குழியில கொட்டினோம், தண்ணி விட்டோம், பொடி தூவினோம். சின்னவ விளக்குமாறை நட்டா. வலது குழி பழசு. மதியம் எல்லாரும் முன்பக்கக் கொட்டகைக்குச் சாப்பிடப் போனாங்க. நாங்க கை கழுவிக்கிட்டிருந்தோம்.

பின்வழியா வந்தான். கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சு. கையில சாம்பல் இழுக்கிற இரும்புக் கொக்கி.

"பத்துப் பேரு முன்னால என் மானத்தை வாங்கிட்டியேடி!"

முதல் அடி அவ தோள்ல விழுந்துச்சு. காஞ்ச விறகு ஒடியற சத்தம். கை தொங்கிப் போச்சு. முடியைப் பிடிச்சுச் சூளைச் சுவத்துல முகத்தை மோதினான். ஒண்ணு, ரெண்டு. மூணாவதுக்கு நான் அவன் முதுகுல பாஞ்சேன். முழங்கையால என் வாயில ஒரு இடி. முன்பல்லு ரெண்டும் உள்ள வந்துருச்சு. துப்பிட்டு எழுந்தேன்.

"டேய், விளக்குமாறு பிஞ்சிரும்டா!"

ஊர்ல எல்லாரும் வாயாலதான் சொல்வாங்க. எனக்குக் கைக்கெட்டின தூரத்துல நிஜமாவே ஒண்ணு நின்னுச்சு. அவன் சின்னவ பக்கம் திரும்பின நேரம் அதைப் புடுங்கி, அவன் மூஞ்சியிலயே மாறி மாறி அறைஞ்சேன். சத்தியமா அடிக்கத்தான் புடுங்கினேன். அவன் சிரிச்சுக்கிட்டே என் வயித்துல எத்தினான். நான் ஒரு பக்கம் விழுந்தேன், விளக்குமாறு ஒரு பக்கம் விழுந்துச்சு.

அந்த இடைவெளியில சின்னவ ஓடினா. புதுக்குழி எதுன்னு அவளுக்குத் தெரியும், வரப்பைச் சுத்தி ஓடினா. குறுக்கே போனா நாலே எட்டுல அவளைப் பிடிச்சிரலாம். அவன் நின்னான். கொக்கியை ஓங்கின கையோட, ரெண்டு குழியோட தலைமாட்டையும் ஒரு பார்வை பார்த்தான். எதுலயும் ஒண்ணும் இல்ல. வெளியாளா இருந்தா பயந்து சுத்திப் போயிருப்பான். இவன் பட்டறைக்காரன்.

கத்த எனக்கு நேரம் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். "டேய், அது புதுசு"ன்னா போதும், நின்னிருப்பான். நின்னா சுத்திப் போய்ப் பிடிப்பான், அவ செத்தா. வாயில இருந்த ரத்தத்தோட சேர்த்து முழுங்கிட்டேன்.

முதல் எட்டு தாங்குச்சு. ரெண்டாவது எட்டுல தொடை வரைக்கும் போயி, முகம் குப்புற விழுந்தான். பொடி கிழிஞ்சு புஸ்ஸுன்னு ஆவி எழுந்துச்சு. அவன் போட்ட சத்தம் மனுஷ சத்தமா இல்ல.

சின்னவ திரும்பிப் பார்த்தா.

"ஓடுடி! போயிரு!" இதுக்கு மட்டும் எனக்குக் குரல் வந்துச்சு.

பாவி, திரும்பி வந்தா. வரப்புல படுத்து, நல்லா இருந்த ஒத்தைக் கையை முழங்கை வரைக்கும் கொதிக்கிற களியில விட்டு அவன் மணிக்கட்டைப் பிடிச்சா. கத்திக்கிட்டே பிடிச்சா, விடல. அவளும் சறுக்க ஆரம்பிச்சா. அவளுக்காகத்தான், அவனுக்காக இல்ல, வரப்புல தெறிச்சு விழுந்த கொக்கியை எடுத்து அவன் பெல்ட்டுல மாட்டி இழுத்தேன். வெளிய வந்தான். காலு முழுக்கத் தோல் உரிஞ்சிருச்சு. கண்ணு ரெண்டும் வெள்ளை. குழாயைத் திறந்து ரெண்டு பேரு மேலயும் நிறுத்தாம தண்ணி அடிச்சேன்.

கொட்டகைப் பக்கமிருந்து ஆளுங்க ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு.

சின்னவ குழித் தலைமாட்டைப் பார்த்தா. கீழே கிடந்த விளக்குமாறைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. வெந்த கையால அதை எடுத்து, அதே ஓட்டையில சொருகி, காலால மண்ணைத் தள்ளி மிதிச்சா. கை எடுக்கிறப்ப உள்ளங்கைத் தோலு கட்டையிலயே ஒட்டிக்கிச்சு.

முதலாளி வந்தாரு. குழியைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டாரு. "இத்தனை பெரிய விளக்குமாறு நிக்குதே, கண்ணு தெரியலையா இவனுக்கு?"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு"ன்னான் காலையில சிரிச்சவன்.

தரையில கிடந்தவன் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினான். "இல்ல... விளக்குமாறு இல்ல... சத்தியமா இல்ல..."

சின்னவ அவன் காதுகிட்ட குனிஞ்சா.

"இருந்துச்சுங்க. நான்தானே நட்டேன்."