ஒரு வாரத்து எலும்பு சூப்

"தொப்பியக் கழட்டும்மா. ஆளுங்க வர்றாங்க."

மிரான் தன் அம்மாவின் தலையிலிருந்த ஆரஞ்சு நிற வெயில் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். கும்ரே தலையைத் திருப்பிக்கொண்டாள். தோழிகளோடு ஜேஜு தீவுக்குச் சுற்றுலா போனவள், புருஷன் செத்த செய்தி கேட்டுக் கப்பல் ஏறி, நேராகத் தங்கள் ஊரான மோக்போவில், ஆஸ்பத்திரியின் சாவு மண்டபத்துக்கு வந்திருந்தாள். மகள் கட்டிவிட்ட கறுப்புத் துக்க உடைக்குள்ளிருந்து, மலையேறப் போடும் ரோஸ் சட்டையின் காலர் எட்டிப் பார்த்தது. மண்டபத்தில் வைத்திருந்த படத்தில் அப்பா மான்சோப், நகரப் பேருந்து ஓட்டிய காலத்துச் சீருடையில், யாரோ ஹாரன் அடித்துவிட்டதைப் போன்ற முகத்தோடு இருந்தார்.

"முதல்ல நீ சொல்லு. படத்தை எடுத்துட்டு வர வீட்டுக்குப் போனியே, குண்டான்ல எவ்வளவு சூப் மிச்சம் இருந்துச்சு?"

"அம்மா, இப்பவா அது?"

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"காலி. கழுவிக் கவுத்து வச்சிருந்துச்சு."

கும்ரே தொப்பியைத் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு வாரத்துக்குக் காய்ச்சினது. நான் போயி மூணு நாளுதான் ஆச்சு. எந்த மனுஷன் அதைக் குடிச்சுத் தீர்ப்பான்? சிங்க்ல கொட்டிட்டாருடி உங்கப்பா."

மோக்போவில் பெண்டாட்டி மாட்டுக்கால் எலும்பு வாங்கி வந்தால் புருஷன்மார் உஷாராகிவிடுவார்கள். நாள்கணக்கில் தாங்குகிற சாப்பாடு அது. அதைக் காய்ச்சுகிறாள் என்றால் எங்கேயோ கிளம்புகிறாள் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து கும்ரே எங்கும் கிளம்பியதில்லை. இதுதான் முதல் தடவை. எலும்பைத் தண்ணீரில் ஊறப் போட்டு ரத்தம் போக்கி, முதல் கொதியைக் கீழே கொட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றி, வெள்ளை வெளேரென்று பாலாக வரும்வரை காய்ச்சி, மேலே மிதந்த கொழுப்பை வழித்தாள். அதே எலும்பை இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் காய்ச்சி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தாள். வீட்டு ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, தெருவில் யார் போகிறார்கள் என்றுகூடத் தெரியவில்லையாம். மான்சோப் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

பேசாதது புதிதல்ல. என்ன சமைத்து வைத்தாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "சூடா இருக்கு." நல்லாயிருக்கு என்று அவர் வாயால் கேட்டதாகக் கும்ரேக்கு நினைவில்லை. அந்தக் கோபத்தைப் பாதுகாத்து ஊறுகாய் போட்டு வைத்திருந்தாள்.

பெரியப்பா, அதாவது மான்சோப்பின் அண்ணன், வாசலில் நின்று சடங்குகளை மேய்த்துக்கொண்டிருந்தார். கும்ரே இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதது அவரை அரித்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க வந்தார்.

"ஏம்மா, செத்த வீடு இப்படியா இருக்கும்? கொஞ்சம் சத்தம் போட்டு அழுதாத்தானே வர்றவங்களுக்கு மரியாதை?"

"என் சூப்பு எங்க போச்சுன்னு தெரியாம நான் அழ மாட்டேன்."

"சூப்பா?"

"ஆமா. சாப்பிட்டுட்டுச் செத்தாரா, பட்டினியா செத்தாரான்னு தெரிய வேணாமா எனக்கு? பட்டினி போட்டுட்டு ஊர் சுத்தப் போனேன்னா, நான் அழுது என்ன, அழாம என்ன?"

பெரியப்பா வாசலுக்கே திரும்பிப் போனார். காலையிலிருந்து அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடாதது ஏன் என்று அப்போதுதான் மிரானுக்கு விளங்கியது.

மதியம், அவர்கள் தெருவில் தயிர்ப் பானம் விற்று வண்டி தள்ளுகிற அம்மாள் வந்தாள். படத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கிவிட்டுக் கும்ரேயின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"மிரான் அம்மா, என்ன சூப்பு அது! குளிருதுன்னு நின்னேன். உங்க வீட்டுக்காரரு உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு ரெண்டு கிண்ணம் குடுத்தாரு. எலும்பு வரைக்கும் சூடு ஏறிருச்சு."

"ரெண்டு கிண்ணமா?"

"மூணாவது வேணாம்னு ஓடியே வந்துட்டேன்."

அவள் போனதும் கும்ரே மகள் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? சிங்க்ல கொட்டினா நான் கண்டுபிடிச்சிருவேன்னு ஊருக்குத் தானம் பண்ணிருக்காரு. அவ்வளவு பிடிக்கல என் சாப்பாடு. இதைச் சொல்ல இந்த மனுஷனுக்கு இவ்வளவு வருஷமா வாய் வரல!"

"அப்படி இருக்காதும்மா."

"பின்ன எப்படி?"

மிரானுக்கு எப்படி என்று தெரியவில்லை. அப்பாவின் படத்தைப் பார்த்தாள். அவரும் சொல்லமாட்டார்.

அந்தி சாய, குடியிருப்பின் காவலாளி பாங் சீருடையோடு வந்தார். மான்சோப் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான். மாரடைப்பு, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். பாங் வணங்கிவிட்டு உட்கார்ந்தார். மண்டபத்துக்காரர்கள் சிவப்பு மிளகாய் மிதக்கிற கறி சூப்பை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் கரண்டியை எடுப்பதற்குள் கும்ரே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அவரு சூப்பை எங்க கொட்டினாரு?"

"கொட்டினாரா? என் வயித்துல கொட்டினாரு. நான் டூட்டியில இருக்கேன்னா விட்டாத்தானே? தபால்காரர், முடி வெட்டறவர், லிஃப்ட் சரிபண்ண வந்தவன், யாரையும் விடல. புடிச்சுப் புடிச்சு உக்கார வச்சாரு."

"தனக்குப் பிடிக்காததைத்தானே மத்தவங்களுக்குக் குடுப்பாங்க?"

"யாரு சொன்னது? எங்களுக்கு ஒரு கிண்ணம்னா அவருக்கு ரெண்டு. மூச்சு வாங்க வாங்கக் குடிச்சாரு. இவ்வளவு அவசரம் எதுக்குன்னு நானே கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

பாங் கரண்டியைக் கீழே வைத்தார். "'குண்டான் காலியாகறப்போ வந்துருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காய்யா. சீக்கிரம் குடி'ன்னாரு."

ஊருக்குக் கிளம்பிய அன்று, வாசலில் ஷூ கயிறு கட்டும்போது கும்ரே சும்மா போகிற போக்கில் சொன்ன வார்த்தை அது. கடைசி நிமிஷத்தில் வாசல்வரை வந்து நின்றவரிடம், வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல் சொன்னது.

பிறகு எழுந்தாள். நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"யோவ்! ஒரு போன் பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல! வான்னு ஒரு வார்த்தை! அடுத்த கப்பல்லயே வந்திருப்பேனே! ஊரையே கூட்டி வச்சுக் குடிச்சுத் தீர்க்கணுமா, மடையா!"

குரல் பாதியில் உடைந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அழுகை ஒருவழியாக ஆரம்பித்துவிட்டது என்று பெரியப்பா திருப்தியாகத் தலையாட்டினார்.

மிரான் பாங்கின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சூப்பு நல்லாயிருக்குன்னு ஏதாவது சொன்னாரா அண்ணே?"

"சூடா இருக்குன்னாரு." பாங் தன் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "ஒரே ஒரு குறைதாம்மா. உப்பில்ல. அது கிண்ணத்துல ஊத்தின பிறகு அவங்கவங்க போட்டுக்கறதுதானே? உங்கப்பாவுக்கு உப்பு எங்க இருக்குன்னே தெரியல. ஒரு டப்பாவைத் திறந்து நக்கிப் பாத்தாரு, சர்க்கரை. மூடி வச்சுட்டாரு. 'எப்பவும் அவதான் போடுவா, எவ்வளவுன்னு அவளுக்குத்தான் தெரியும்'னாரு. அப்படியே சப்புன்னு குடிச்சோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. ஆனா அந்தக் குண்டான்ல ஒரு சொட்டுகூட வீணாப் போகல."

கும்ரே காதிலும் அது விழுந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். அங்கிருந்த உப்புக் கிண்ணியை எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். படத்துக்கு முன்னால், செத்தவருக்கென்று வைத்த சோறும் தெளிந்த சூப்பும் ஆவி அடங்கிக்கொண்டிருந்தன. இரண்டு விரலால் உப்பை எடுத்து அந்தச் சூப்பில் போட்டாள்.

பெரியப்பா பதறினார். "ஏம்மா, ஏம்மா! படையல்ல கை வைக்கக் கூடாது. சடங்குல அப்படி இல்ல!"

"சடங்கு உங்களுது. இவரு நாக்கு எனக்குத்தான் தெரியும்."

கலக்கினாள். கரண்டி நுனியில் எடுத்து ருசி பார்த்தாள். இன்னும் துளி போட்டாள். கரண்டியின் பிடியைப் படத்தின் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, அவர் முதல் வாய் குடிக்கட்டும் என்பதுபோல அங்கேயே நின்றாள். வணங்க வந்தவர்கள் பின்னால் வரிசையில் காத்திருந்தார்கள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை.