கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு கோட்டு

ஈரத்துணியைக் கோட்டின் தோளில் விரித்து, இஸ்திரிப் பெட்டியை மெல்ல அழுத்தினாள் மருமகள். குப்பென்று ஆவி எழுந்தது. கூடத்தில் இறந்துபோன மாமனாரைக் குளிப்பாட்டித் துடைத்துக் கிடத்தியிருந்தார்கள். பட்டாளத்துக் கோட்டைப் போட்டுவிடுவது ஒன்றுதான் பாக்கி. சலவைக்கடையில் ஊரார் துணியையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன கை அவளுடையது. ஆனாலும் இந்தக் கோட்டைத் தொடும்போது மட்டும் கை தானாக நிதானப்படும். பதக்கம் குத்திக் குத்தி நெஞ்சுப்பக்கம் கம்பளி நைந்திருந்தது. அங்கே சூடு படக்கூடாது.

"தேய்ச்சது போதும். யாரு வந்து பார்க்கப் போறா?" வாசற்படியில் நின்று கேட்டான் கணவன். வெல்டிங் பட்டறையில் வேலை. நெருப்புப் பொறி பட்ட கண்போல அன்று அவன் கண் சிவந்திருந்தது.

"வருவாங்க. செயலாளர் ஐயா வாக்குக் குடுத்திருக்காரே."

"காலையில போன் பண்ணினியே, யாரு எடுத்தா?"

"சங்கத்துல யாரோ. சொல்லிடறேன்னாங்க."

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க," என்றபடி அவன் உள்ளே போனான்.

மாமா போரில் துப்பாக்கி பிடித்தவரில்லை. அடிபட்டுக் கிடந்தவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருகிற பிரிவில் இருந்தவர். "சண்டையில என்ன செஞ்சீங்க?" என்று யார் கேட்டாலும், "தூக்கினேன்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. இருந்தும் சந்து முழுக்க அவரைக் கர்னல் என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பதவியைக் கொடுத்தவர் பால்காரர். "என்ன கர்னல், இன்னைக்கு யாரோட சண்டை? மருமகளோடயா?" என்று தினமும் வாசலில் கேட்பார். "அவகிட்ட நான் எப்பவோ சரணடைஞ்சாச்சு" என்பார் மாமா.

அவர் தூக்கி வந்தவர்களில் ஒருவர்தான், பிற்பாடு முன்னாள் வீரர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனவர். கால் சிதைந்து கிடந்த தன்னை ஆற்றைக் கடந்து சுமந்து வந்த கதையை அவர் சொல்லித்தான் வீட்டுக்கே தெரியும். வருஷா வருஷம் நினைவு நாளன்று காரில் வந்து மாமாவை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைப்பார். மாமா படுக்கையில் விழுந்த பிறகும் ஒருமுறை வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீ போறப்ப படையே வரும்டா. கொடி போர்த்துவோம். எக்காளம் ஊதும். நான் முன்னால நடப்பேன்" என்றார்.

"நொண்டிக்கிட்டா?" என்று கேட்டார் மாமா. இருவரும் இருமல் வரும்வரை சிரித்தார்கள்.

மாமா வேடிக்கையாகத்தான் சிரித்தார். ஆனால் பிறகு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதை ஒன்றுவிடாமல் சொன்னார். நேற்று மதியம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து, "வருவாங்கல்ல?" என்றார்.

"கண்டிப்பா வருவாங்க மாமா" என்று சொல்லி அனுப்பிவைத்தவள் அவள்தான்.

அதனால்தான் காலையிலேயே சந்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பால்காரர், தையல்காரர், மூலைக்கடைக்காரர் எல்லோரும் வெளுத்த சட்டையில் வந்து நின்றார்கள். சந்துமுனையில் கார் ஒலி கேட்டதும், "வந்துட்டாங்க" என்றார் பால்காரர். சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

வந்தவர் ஒரே ஒருவர். ஓட்டுநர் உடுப்பு. கையில், துணி மாட்டும் வெறும் ஹேங்கரும் ஒரு நீளப் பிளாஸ்டிக் உறையும். வாசலுக்கு வந்தவர் கூடத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "கோட்டை வாங்கிட்டு வான்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க."

மருமகளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. புதிதாகக் கட்டும் நினைவு மண்டபத்தில் வைக்கப் பழைய கோட்டு ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டிருந்தார். "எடுத்துக்க, எனக்கு இனிமே எதுக்கு?" என்று மாமாவும் சொல்லியிருந்தார்.

ஓட்டுநர் செயலாளரைக் கூப்பிட்டுப் போனை அவளிடம் கொடுத்தார்.

"ஐயா, மாமா தவறிட்டாரு. காலையிலயே சொன்னோம்."

"தெரியும்மா. கேட்டதுல இருந்து மனசே சரியில்ல." அவர் குரலுக்குப் பின்னால் யாரோ மைக்கை ஊதி ஊதிச் சோதித்தார்கள். "இன்னைக்கு மண்டபம் திறப்பு விழாம்மா. அமைச்சர் வர்றாரு. கொடி, எக்காளம், நம்ம ஆளுங்க, எல்லாமே இங்கதான். ஒரு நாள் தள்ளி வச்சுக்க முடியாதா?"

"மயான வண்டி வந்து நிக்குதுங்க ஐயா."

"அப்ப சரி, கோட்டையாவது குடுத்தனுப்பு. அவனே குடுத்த வாக்கும்மா. கண்ணாடிப் பெட்டி காலியா இருந்தா பார்க்க நல்லா இருக்காது."

கடவுளே, என் நாக்கை நீ பிடிச்சுக்கோ என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். "நீங்க ஒருத்தராவது வந்துட்டுப் போகக்கூடாதா ஐயா?"

"எனக்குப் பேச்சு இருக்கும்மா. அவனைப் பத்தித்தான் பேசப் போறேன்."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"குடுக்காத," என்றான் கணவன். "கொளுத்தினாலும் கொளுத்துவேன், குடுக்க மாட்டேன்."

"மாமா குடுக்கறேன்னு சொன்னாருங்க."

"அந்த ஆளு சொன்னது?"

"அது அவரோட போகட்டும். மாமா சொன்னது மாமாவோட சொல்லு. அதை நாம அழிக்க வேண்டாம்."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவள் கோட்டின் கழுத்துப் பட்டையை மறுபடி ஒருமுறை தேய்த்தாள். பித்தான்களைப் போட்டு, ஹேங்கரில் மாட்டி, உறையை இழுத்துவிட்டாள். பிறகு மாமா தினமும் போடுகிற கட்டம்போட்ட சட்டையை எடுத்து, முழங்கையில் ஒட்டுப் போட்ட இடம் உள்ளே போகும்படி அவருக்குப் போட்டுவிட்டாள். "அவங்களுக்குக் கோட்டு போதும் மாமா," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சந்துக்குள் வண்டி நுழையாது. வண்டிக்காரர் ஸ்ட்ரெச்சரை மட்டும் கொடுத்துவிட்டுச் சாலையிலேயே காத்திருந்தார். முன்னால் அவள் கணவனும் பால்காரரும், பின்னால் தையல்காரரும் மூலைக்கடைக்காரரும் பிடித்துக்கொண்டார்கள்.

"படை வரலைன்னா என்னப்பா," என்றார் பால்காரர். "நாம இல்ல? பரேடு மாதிரியே கொண்டு போவோம். கர்னலுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. இடது, வலது..."

நாலு பேரும் ஒரே காலை ஒரே நேரத்தில் எடுத்து வைத்தார்கள். செருப்புச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. வாசல்களில் நின்றவர்கள் கைகூப்பினார்கள். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே ஸ்ட்ரெச்சர் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. மாமாவின் தலை தலையணையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. வேண்டாம், வேண்டாம் என்று சொல்வதுபோல் இருந்தது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நழுவித் தொங்கியது.

"நில்லுங்க," என்று ஓடி வந்தாள் மருமகள். கையை எடுத்து உள்ளே வைத்தாள். "அண்ணே, ஒண்ணா அடி வைக்காதீங்க."

"ஏம்மா, மரியாதையாத்தானே போறோம்?"

"நடக்கறது வேற, தூக்கறது வேறண்ணே."

மாடிக்கு ஈரத்துணித் தொட்டியைத் தூக்கிப் போகும்போது மறுபிடியை மாமாதான் பிடிப்பார். என் காலைப் பார்த்து வைக்காதே, நான் இடது வச்சா நீ வலது வை என்பார். சேர்ந்து வச்சா ஆடும், உள்ளே இருக்கறவனுக்கு வலிக்கும் என்பார். உள்ளே துணிதானே மாமா இருக்கு என்று அவள் சிரிப்பாள். அவர் சிரித்ததில்லை. போரைப் பற்றி அந்த வீட்டில் அவர் சொன்னது அது ஒன்றுதான்.

"முன்னால இருக்கறவங்க இடது வச்சா, பின்னால இருக்கறவங்க வலது வைங்க," என்றாள். "அப்பத்தான் ஆடாது. மாமா அப்படித்தான் தூக்குவாரு."

பால்காரர் தலையசைத்துப் பிடியை இறுக்கிக்கொண்டார்.

மறுபடி கிளம்பினார்கள். தையல்காரருக்கு இடுப்பு ஒத்துழைக்கவில்லை. கால் தடுமாறி மூச்சு வாங்கியது. கோட்டைக் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டுச் சந்துமுனையில் நின்ற ஓட்டுநர் விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"விடுங்கய்யா, நான் பிடிக்கிறேன்."

"உங்களுக்கு நேரமாகலயா?" என்று கேட்டாள் மருமகள்.

"ஆகுதும்மா," என்றார் அவர், பிடியைத் தன் இரண்டு கைகளுக்கும் மாற்றிக்கொண்டே.

அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது. அவர் குனிந்து முன்னால் போகிற பால்காரரின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இடது என்று தெரிந்ததும் தன் வலது காலை எடுத்து வைத்தார்.