பூட்டுக்காரர் வீட்டு வைஃபை

“அப்ப மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சாக்கூட வானத்துக்கிட்ட திருடினதா ஆயிடுமா?”

“மழை பெய்யறது அவங்க மாடியில. நாம அதுல குழாயைச் சொருகி நம்ம தொட்டிக்கு இழுத்திருக்கோம். ரெண்டும் ஒண்ணா?”

“நாம எங்க இழுத்தோம்? அவங்க வைஃபை அதுவா சுவரைத் தாண்டி வந்து நம்ம கட்டில்ல உக்காந்திருக்கு. வா வான்னு வெத்தலை வச்சா கூப்பிட்டோம்?”

“பேச்சை மாத்தாதீங்க. சட்டப்படி தப்பா, இல்லையா? வக்கீல் ஆபீஸ்லதானே வேலை பாக்கறீங்க?”

“நான் அங்க டைப் அடிக்கிறவன். சட்டம் என் விரல் வழியாத்தான் போகும், மண்டை வழியா போகாது.” கணவன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டான். “ஆனா எங்க வக்கீல்கிட்ட சும்மா கேக்கற மாதிரி கேட்டுப் பார்த்தேன். ‘அனுமதி இல்லாம அடுத்தவன் இணைப்புல நுழைஞ்சா தப்புதான், ஆனா பூட்டாத இணைப்புக்காகக் கேஸ் போட்ட ஒருத்தனை நான் இன்னும் பார்க்கலை’ன்னாரு. அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, ‘யாருக்காகக் கேக்கறே’ன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நண்பனுக்காகன்னேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். கணினித் திரையின் அடியில் நீலக்கோடு ஒன்று கர்ப்பிணி எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. விற்பனைக்கு வரும் வீடுகளை வீட்டுத் தரகர் வீடியோ எடுத்து அனுப்புவார். அவற்றை வெட்டி ஒட்டி, ஒழுகும் கூரையை மறைத்து, சன்னல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது அவள் வேலை. பகலெல்லாம் வெட்டுவாள். பொழுது சாயும்போது மொத்தத்தையும் இணையம் வழியாகத் தரகருக்கு ஏற்றி அனுப்புவாள். யானையை ஊசிக்காதுக்குள் தள்ளுகிற வேலை அது. தள்ளி முடிய இரவுச் சாப்பாட்டு நேரமாகிவிடும்.

அந்த ஊசி அவளுடையதல்ல. எதிர்வீட்டுப் பூட்டுக்காரருடையது.

இந்தக் குடியிருப்புக்கு வந்த புதிதில் அவர்களும் சொந்த இணைப்புக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். லைன் போட வந்தவர் பூட்டியிருந்த கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். திரும்பக் கூப்பிட வேண்டும் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதற்குள் போனில் ‘பூட்டுக்கடை’ என்ற பெயரில் ஓர் இணைப்பு தெரிந்தது. தொட்டதும் திறந்தது. பேரு பூட்டுக்கடை, பூட்டே இல்லை என்று சொல்லி அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்றைக்கு மட்டும் என்று தொடங்கியதுதான். முதலில் படிக்கட்டில் பூட்டுக்காரரைப் பார்த்தால் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய், வணக்கம் மட்டும் மிஞ்சியது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். தப்பு மட்டும் பழகப் பழக இனிக்கும் போலிருக்கிறது.

இன்று காலை அந்த வணக்கத்துக்குப் பதிலாக அவர் ஒன்று சொன்னார். “என்னமோ தங்கச்சி, ஊர்லேருந்து பாப்பா பேசினா படம் நின்னு நின்னு வருது.” சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கடைக்குப் போய்விட்டார். அவளுக்குத்தான் அது நாள் முழுக்க நகக்கண்ணில் ஏறிய சிலாம்பாகக் குத்திக்கொண்டிருந்தது.

“இங்க பாரு எடிட்டரம்மா,” என்றான் கணவன். “திருட்டுன்னா எடுத்த இடத்துல ஏதாவது குறையணும். இதுல அவங்களுக்கு என்ன குறைஞ்சுது? சொல்லு.”

அவள் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. பூட்டுக்காரர் நின்றிருந்தார். கதவு முழுவதையும் அடைக்கிற உடம்பு. ஆனால் குரல் மட்டும் இன்று சின்னதாக இருந்தது.

“தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போறியா? இந்தக் கட்டடத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். அண்ணி அழுவுறா.”

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் போனாள்.

பூட்டுக்காரரின் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் இல்லை. கையால்தான் எல்லாம். மகள் பாப்பா, குழந்தையாக இருந்தபோது வாய்ப்பேச்சுக்கு முன்பே கைப்பேச்சைக் கற்றுக்கொண்டவள். இப்போது வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாலையில் ஓய்வு கிடைக்கும் நேரத்தில் வீடியோவில் வருவாள்.

பூட்டுக்காரருக்குப் பின்னால் கூடத்துக்குள் காலை வைத்ததும் அவளுக்குக் கண் கூசியது. நான்கு பக்கமும் விளக்கு. சுவர் ஓரம் ஓர் ஆளுயர விளக்கு புதிதாக நின்றது. சாப்பாட்டு மேசை சன்னலுக்கு அடியில் இழுத்துப் போடப்பட்டிருந்தது. சுவரில் தொங்கிய குடும்பப் படங்களை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கறுப்புப் போர்வையை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் அண்ணி பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“கை சரியா தெரியலைன்னா வெளிச்சம் பத்தலைன்னுதானே நினைப்போம்?” என்றார் பூட்டுக்காரர். “பல்பை மாத்தினோம். மேசையை மாத்தினோம். இவளோட பூப்போட்ட சட்டை கண்ணை இழுக்குதுன்னு கறுப்புல ஒண்ணு தெச்சுக்கிட்டா. பாப்பாவை மோதிரத்தைக் கழட்டச் சொன்னோம். கடைசியில என் வழுக்கை வெளிச்சத்தை அடிக்குதுன்னு என்னையும் எழுப்பி அந்த மூலையில உக்கார வச்சுட்டா. அப்பவும் சரியாகலை.”

மேசைமேல் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டில் பாப்பா இருந்தாள். வலது கை தோளுக்குப் பக்கத்தில் உயர்ந்து, விரல்கள் விரிந்து, அப்படியே நின்றுவிட்டிருந்தது. அந்தக் கை எங்கே போக இருந்தது என்று தெரியாமல் அண்ணி கண்ணை இமைக்காமல் காத்திருந்தாள்.

“அப்பா? திரும்பவும் நின்னுடுச்சா?” திரையிலிருந்து குரல் மட்டும் தெளிவாக வந்தது.

“ஆமாண்டா, இரு,” என்றார் பூட்டுக்காரர். அண்ணியின் கண் திரையை விட்டு அவர் உதட்டுக்குப் போனது. உடனே வாயை மூடிக்கொண்டார். அண்ணிக்கு உதடு தெரியாதபடி அவளிடம் திரும்பி மெல்லச் சொன்னார். “எனக்கு அவ குரல் கேக்குது தங்கச்சி. கேக்குதுங்கறது இவளுக்குத் தெரியுது. அதான் கொடுமை. நேத்து பாப்பா, ‘அம்மாகூட லீவு நாள்ல மட்டும் பேசறேன்பா, மத்த நாள் நீங்களே கேட்டு அம்மாவுக்குச் சொல்லிடுங்க’ன்னா. அவளும் பாவம், நாள் பூரா நின்னுட்டு வர்றவ. நான் அதை இவகிட்ட சொன்னா, ‘என் கையைப் பார்க்க அவளுக்கு அலுத்துப் போச்சு’ன்னு ஒரே வார்த்தைதான். அப்புறம் என்கிட்டயும் பேசலை.”

என்ன குறைந்தது என்பது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அது அவள் கண் முன்னால், தோளுக்குப் பக்கத்தில், விரல் விரித்தபடி நின்றுகொண்டிருந்தது. அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

“கண்ணாடியை எடுத்துட்டு வந்துடறேன் அண்ணே.”

அவள் கண்ணாடி போட்டு அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. இருந்தும் சரி என்று தலையாட்டினார்.

கணவன் சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவள் நேராகக் கணினிக்குப் போனதும்தான் நிமிர்ந்தான்.

“ஏய், பாதி போயிடுச்சு. இப்ப நிறுத்தினா முதல்லேருந்து போகணும். தரகர் தலையைக் கழட்டிடுவாரு.”

“கழட்டட்டும்.”

“என்ன ஆச்சு உனக்கு?”

“என்ன குறைஞ்சுதுன்னு கேட்டீங்களே. அங்க வந்து உக்காந்து பாருங்க.”

நீலக்கோடு நின்றது. இணைப்பையும் துண்டித்தாள். 

அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. திரையில் பாப்பாவின் கை இறங்கி, திரும்ப ஏறி, மூக்கைத் தொட்டு, காற்றைக் கிள்ளி, யாரையோ கதவுக்கு வெளியே பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அண்ணியின் கைகள் குறுக்கே புகுந்து பதில் சொல்லின. நின்று பார்த்த அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் பாப்பா ஒரு பெரிய டாக்டரைப் போல நடித்துக் காட்டுகிறாள் என்பது மட்டும் விளங்கியது. அண்ணி சத்தமே இல்லாமல் உடம்பு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தான் பார்க்கக் கூடாது என்பதுபோல் அவள் தலை குனிந்துகொண்டாள்.

“என்ன மந்திரம் போட்டே நீ?” பூட்டுக்காரர் மூலையிலிருந்து எழுந்து வந்தார். “போனே, வந்தே, தண்ணி மாதிரி ஓடுது!”

“மந்திரம் ஒண்ணும் இல்லண்ணே. உங்க இணைப்புக்குப் பாஸ்வேர்டே போடலை. யாரோ... யாரோ அதுல நிறைய ஏத்தி இறக்கியிருக்காங்க.”

யாரோ. வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளைச் சுட்டது.

“பூட்டு இல்லையா?” அவர் தலையில் அடித்துக்கொண்டார். “பாப்பா ஊருக்குப் போறப்ப போட்டுத் தர்றேன்னா. எதுக்கு, நம்ம கட்டடம்தானேன்னு நான்தான் வேண்டாம்னேன். ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டறவன் வீடு எப்படி இருக்குன்னு பாரு! சிரிக்கப் போறானுங்க.” பிறகு அவர் முகம் மாறியது. “மேல் மாடியில தனியா இருக்கானே ஒரு பையன், எப்பப் பார்த்தாலும் காதுல ஒயரோட. அவன்தான். நாளைக்குக் காலையில அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“அவன் இல்லண்ணே.” அவசரமாகச் சொல்லிவிட்டாள். “இருக்காதுன்னு... நினைக்கறேன்.”

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பிக் கையால் சொல்லத் தொடங்கினார். பெரிய, தடித்த விரல்கள். திக்கித் திக்கிப் பேசின. அண்ணி கடைசிவரை பார்த்தாள். அவள் பார்வை ஆளுயர விளக்குக்குப் போனது, பின்னால் தொங்கிய போர்வைக்குப் போனது, தன் கறுப்புச் சட்டைக்கு வந்தது. மெல்ல அந்தச் சட்டையின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதன்பின் அவள் கைகள் வேகமாக எழுந்தன. திரையில் பாப்பாவும் பேசுவதை நிறுத்திவிட்டு முன்னால் குனிந்தாள்.

“என்ன சொல்றாங்கண்ணே?”

“நேத்து பாப்பா மேல கோவப்பட்டு இவ முகத்தைத் திருப்பிக்கிட்டு எழுந்து போயிட்டா. அதை நினைச்சுக் குழந்தை ராவெல்லாம் தூங்கலையாம். இவளும்தான் தூங்கலை. இப்ப நான் போய்க் காரணம் சொன்னா, அப்பா சமாதானத்துக்குச் சொல்றாருன்னு ரெண்டு பேருமே நினைப்பாங்க. விஷயம் தெரிஞ்சவ நீ. நீதான் சொல்லணுமாம்.”

“நானா?”

அண்ணி டேப்லெட்டை மேசையிலிருந்து எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள். பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அத்தை, நீங்கதான் சரி பண்ணீங்களா? ரொம்ப நன்றி அத்தை. எங்க அம்மா என்னைத் திட்டினது உங்களுக்குத் தெரியாதே! யார் அத்தை அது, இத்தனை நாளா எங்க நடுவுல உக்காந்திருந்தது?”

அண்ணி தன் நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டாள். முழங்காலோடு முழங்கால் இடிக்கும் நெருக்கம். பிறகு இரு விரலால் தன் உதட்டைத் தொட்டு, அதே விரல்களை அவள் உதட்டை நோக்கி நீட்டினாள்.

“மெதுவா சொல்லணுமாம்,” என்றார் பூட்டுக்காரர். “உன் உதட்டைப் பார்த்து அவளே படிச்சுக்குவாளாம், நான் நடுவுல வேண்டாமாம். அவ முகத்தைப் பார்த்துச் சொல்லு தங்கச்சி. யாரு அது?”